த்ரீ நாட் த்ரீயும் ஒரு செங்கோண முக்கோணமும்

துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி நம் சங்க இதழில் கட்டுரையா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். படித்துவிட்டுச் சொல்லுங்கள். இதில் துப்பாக்கியைவிடக் கணக்குதான் அதிகம். பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அருகில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு ஓணம் விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நாகர்கோவிலிலிருந்து என் அக்கா போன் செய்தாள். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் அவள் மகன், எங்கள் முறைப்படி என் மருமகன், துப்பாக்கிச் சங்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தபோது தோட்டா உள்ளேயே பிளந்து முகத்தில் சூடான புகை அடித்துவிட்டதாம். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கன்னத்தில் மட்டும் லேசான தீக்காயம். "எல்லாம் உன்னால வந்ததுதான். சின்னப் பிள்ளையை மலைக்குக் கூட்டிட்டுப் போயி வெடியைக் காட்டினது நீதானே" என்றாள். என்னால் மறுக்க முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் கற்பித்தேன். கூடவே பல ஆண்டுகள் என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்தேன். ஊருக்குத் தெற்கே மூக்குன்னிமலையில் உள்ள சுடுதளத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது வழக்கம். 1980களில் ஒரு கோடை விடுமுறையில், பத்து வயதுப் பையனான மருமகனையும் உடன் அழைத்துச் சென்றேன். அது விதிப்படி சரியல்ல என்று அப்போதே எனக்குத் தெரியும். சுட்டு முடித்த தோட்டாக் கூடு ஒன்றை எடுத்து, அதன் வாயில் ஊதி விசில் அடித்துக்கொண்டு திரிந்தான். கிளம்பும்போது காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எனக்கு ஆபத்து. அவன் கையிலிருந்ததைப் பிடுங்கித்தான் கணக்கை முடித்தேன். வீடு வந்து சேரும் வரை அழுதான். அந்தக் கூடு .303 அங்குலத் தோட்டாவுடையது. நம் போலீஸ்காரர்கள் "த்ரீ நாட் த்ரீ" என்பார்களே, அதுதான்.

நாற்பது வயதை நெருங்கும்போது அவன் வாங்கிய துப்பாக்கியும் அதேதான். வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் 1942இல் செய்தது என்று அதன் உலோகத்தில் முத்திரை இருக்கிறது. லீ-என்ஃபீல்டு என்னும் இந்த வகை இரண்டு உலகப் போர்களையும் பார்த்தது. நம் நாட்டுக் காவல் துறைகளிலும் நெடுங்காலம் உழைத்தது. உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் அதற்கு விடை கொடுத்தது.

இனி தோட்டாவுக்கு வருவோம். அதில் நான்கு பகுதிகள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் பொருத்திய குண்டு. சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும். கூடு மிஞ்சும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விளையாட்டுக்காகச் சுடுபவர்கள், அந்தக் கூட்டுக்குப் புதுப் பிரைமர் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டைப் பொருத்தி மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். கடைத் தோட்டாவைவிடச் செலவு குறைவு. அவரவர் துப்பாக்கிக்குப் பொருந்தச் செய்துகொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே யாரும் இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்க வேண்டாம்.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தத் தோட்டாவின் பழைய மருந்துக்குக் கார்டைட் என்று பெயர். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சிறிது வாசலினும் கலந்து, சேமியா போல நீள நீளமான இழைகளாகப் பிழிந்த மருந்து. இதைச் செய்வதற்கென்றே 1900களின் முதல் சில ஆண்டுகளில் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலையை வெள்ளையர் அமைத்தார்கள். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகும்போது வெலிங்டனை அடுத்து வரும் நிலையம் அது. தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது. கார்டைட் இழைக் கட்டு, கூட்டின் குறுகிய கழுத்து வழியாக நுழையாது. அதனால் முதலில் இழைகளை உள்ளே வைத்துவிட்டு, அப்புறம்தான் பித்தளையை நெருக்கிக் கழுத்தை உருவாக்குவார்கள். கழுத்து உருவான கூட்டில் அந்த மருந்தை மறுபடி நிரப்ப வழியில்லை. இப்போது கையால் நிரப்புபவர்கள் பயன்படுத்துவது பொடி மணிகளாக வரும் வேறு மருந்து.

மருமகனிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். பிளந்த கூட்டைப் படம் எடுத்து அனுப்பினான். அடிப்பகுதி தனியாகவும் மேல்பகுதி தனியாகவும் கத்தியால் அறுத்ததுபோல் வந்திருந்தது. அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் சுற்றிலும் ஒரே சீரான வெட்டு.

"மருந்தைக் கூட்டிப் போட்டாயா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. புத்தகத்தில் போட்டிருக்கிற கீழ் அளவுதான். ஒவ்வொன்றையும் மின்னணுத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன்."

"அந்தக் கூட்டில் எத்தனையாவது தடவை?"

"ஆறாவது."

"கூட்டை முழுசாக அச்சில் அமுக்கினாயா?"

"ஆமாம் மாமா. அப்படித்தானே செய்ய வேண்டும்?"

கோளாறு அந்த இடத்தில்தான். போர்க்களத்துச் சேறும் மணலும் புகுந்தாலும் தோட்டா சிக்கக் கூடாது என்பதற்காக, இந்தத் துப்பாக்கிகளின் வெடியறையைச் சற்றுத் தாராளமாகவே குடைந்திருப்பார்கள். சுடும்போது கூடு அந்த இடத்தை நிறைக்கும்படி விரிகிறது. கூட்டின் தோள் முன்னே போய் அமர்கிறது. சுட்ட கூட்டை முழுநீள அச்சில் போட்டு அமுக்கினால், தோள் மறுபடி பின்னுக்கு வருகிறது. அடுத்த வெடியில் மறுபடி முன்னுக்கு நீள்கிறது. இந்த நீட்சிக்கு வேண்டிய உலோகம் கூட்டின் அடிப்பக்கச் சுவரிலிருந்துதான் வரவேண்டும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து ஒடிப்போமே, கிட்டத்தட்ட அதே கதை. ஐந்து தடவை தாங்கியது, ஆறாவதில் விட்டது.

பரிகாரம் எளிது. கூடு அந்தத் துப்பாக்கியின் வெடியறைக்கு ஏற்ப ஒருமுறை விரிந்துவிட்டால், அதை அப்படியே விட்டுவிட்டு, குண்டைப் பிடிக்கும் கழுத்துப் பகுதியை மட்டும் இறுக்க வேண்டும். அந்தக் கூடு அப்புறம் அந்த ஒரு துப்பாக்கிக்குத்தான் உதவும், வேறொன்றில் நுழையாமல் போகலாம். இதோடு, ஒவ்வொரு தடவையும் நிரப்புமுன், மெல்லிய கம்பியின் முனையைக் கொக்கிபோல் வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, உட்சுவரில் அடியிலிருந்து மேலாக இழுத்துப் பார்க்க வேண்டும். சுவர் மெலிந்த இடத்தில் முனை ஒரு பள்ளத்தில் விழுவது கைக்குத் தெரியும். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அதுவே அடையாளம். அப்படிப்பட்டதை நசுக்கிக் குப்பையில் போட வேண்டும். துப்பாக்கியையும் ஒரு கைதேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டி, போல்ட்டுக்கும் கூட்டின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து வாங்கும் வரை சுடாதே என்று சொன்னேன். அளந்ததில் இடைவெளி வரம்புக்குள்தான் இருந்தது. குற்றம் அச்சில் அமுக்கியதுதான்.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவன் தயங்கியபடி சொன்னான்: "மாமா, இவ்வளவு கஷ்டப்பட்டும் குறி சரியாக விழுவதில்லை. அதனால்தான் ஒவ்வொன்றையும் இன்னும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று கூட்டை முழுசாக அமுக்கினேன்." 100 கஜத்தில் பத்துக் குண்டுகள் 18 செ.மீ. அகலத்துக்குச் சிதறினவாம். மருந்தின் எடையில்தான் குறை என்று நினைத்து, விலை கூடிய தராசு வாங்கி, ஒரு மணிகூடக் கூடாமல் குறையாமல் நிறுத்துக்கொண்டிருந்தான்.

இங்கேதான் வாத்தியார் புத்தி எட்டிப் பார்த்தது. "ஒரு காகிதம் எடு" என்றேன்.

இந்தத் தோட்டாவின் பிரபலமான மார்க் 7 வகை 1910இல் வந்தது. 174 கிரெயின், அதாவது சுமார் 11 கிராம் எடையுள்ள குண்டு, குழலை விட்டு விநாடிக்கு 744 மீட்டர் வேகத்தில் கிளம்பும். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 100 மீட்டர் போவதற்குள் அது ஈர்ப்பினால் 9 செ.மீ. அளவுக்குக் கீழே இறங்கும். மருந்து கொஞ்சம் குறைந்து, வேகம் விநாடிக்கு 10 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு கூடுதலாக இறங்கும்? இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை! அவன் தாளில் தெரிவதோ 18 சென்டிமீட்டர். தராசு எத்தனை துல்லியமாக இருந்தாலும் அந்தச் சிதறலில் அது தொடுவது ஒரு துளிதான்.

500 மீட்டருக்கு அதே கணக்கைப் போட்டால் வித்தியாசம் 6 செ.மீ. ஆகிறது. காற்றுத் தடையைச் சேர்த்தால் இன்னும் கூடும். தூரம் கூடக்கூடத்தான் மருந்தின் எடைக்கு மதிப்பு.

பல காரணங்கள் தனித்தனியே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிழை செய்யும்போது, அந்தப் பிழைகளை நேராகக் கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் போல வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, மரக்கட்டையால் வரும் சிதறல் 12, குண்டின் பருமனால் வருவது 5, மருந்தால் வருவது 2 என்று கொள்வோம். மூன்றும் சேர்ந்தால் 19 அல்ல, 13.15 தான். மருந்துப் பிழையை அடியோடு நீக்கினாலும் மிஞ்சுவது 13. மரக்கட்டையைச் சரிசெய்தால்? 5.4 ஆகிவிடும். பெரிய பக்கத்தைத் தொடாமல் சின்னப் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தால் கர்ணம் அசையாது. என் மாணவர்களுக்கு ஐந்து, பன்னிரண்டு, பதின்மூன்று முக்கோணத்தை எத்தனையோ தடவை கரும்பலகையில் போட்டிருக்கிறேன். அது இப்படி உதவும் என்று அன்று தோன்றவில்லை.

ஆனால் பெரிய பக்கம் மரக்கட்டைதான் என்று நான் எப்படி ஊகித்தேன்? அது மூக்குன்னிமலை தந்த பாடம். இந்தத் துப்பாக்கியில் குழலின் முனை வரை மரம் போர்த்தியிருக்கும். மரம் எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தத்தில் குழலைத் தொடுகிறதோ, அதற்கேற்பச் சுடும்போது குழல் அதிரும். குழல் என்பது இரும்புத் தடியாயிற்றே, அது எங்கே அசையப் போகிறது என்று தோன்றும். வெடிக்கும் கணத்தில் அது தட்டிய கம்பிபோல் துடிக்கிறது. குண்டு வெளியேறும் அந்த நொடித்துளியில் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் குண்டு போகிறது. மேடத்தில் நன்றாகக் குறி விழுந்த துப்பாக்கி, இடவப்பாதி மழை தொடங்கி மரம் ஈரத்தில் ஊறியதும் வேறு இடத்தில் சுடும். பையன்கள் தங்கள் கண்ணைக் குறை சொல்வார்கள். ஹவில்தார் பையன்களைக் குறை சொல்வார். உண்மையில் குறை வானத்திலிருந்து வந்தது.

டெக்சஸில் இதற்கு நேர்மாறு. உலர்ந்த காற்றில் எண்பது ஆண்டுப் பழைய மரம் சுருங்கிவிட்டது. மருமகன் கட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, பின்னுதையைத் தாங்க வேண்டிய இரண்டு மரமுகங்களும் இரும்பைத் தொடவே இல்லை. விசைக் காப்புக்கு முன்னால் உள்ள பெரிய திருகும் தளர்ந்திருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு மரத்துக்குள் முன்னும் பின்னும் நழுவிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, குழல் ஒரே மாதிரி எப்படித் துடிக்கும்? மெல்லிய துண்டுகள் வைத்து அந்த முகங்களை இரும்போடு பொருந்தச் செய்து, திருகை இறுக்கினான். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினான். வேறெதையும் மாற்றாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், எது பலன் தந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். 18 செ.மீ. 10 ஆகக் குறைந்தது.

அடுத்தது குண்டின் பருமன். பெயர் .303 என்றாலும் குண்டின் விட்டம் அதுவல்ல. குழலின் உட்சுவரில் ஐந்து பள்ளங்கள் சுருளாக ஓடுகின்றன. குண்டு அவற்றையும் நிறைத்துச் சுழன்றபடி போக வேண்டும். போர்க்கால அவசரத்தில் செய்த குழல்களில் பள்ளத்தின் அளவு 7.90 மி.மீ. முதல் 8 மி.மீ. வரைகூட வேறுபடும். குண்டு மெலிந்திருந்தால், வாயு அதைச் சுற்றிக் கசியும். குண்டும் சாய்ந்து போகும். ஆகவே ஈயத் துண்டு ஒன்றைக் குழல் வழியே மெதுவாகத் தட்டித் தள்ளி, அதில் பதிந்த அச்சை அளக்கச் சொன்னேன். அதில் ஒரு சிக்கல். பள்ளங்கள் ஐந்து என்பதால் செம்பருத்திப் பூவைப் போல, ஒரு இதழுக்கு நேரெதிரே இன்னொரு இதழ் வராது, இடைவெளிதான் வரும். மைக்ரோமீட்டரால் நேராக அளக்க முடியாது. அளவு தெரிந்த மெல்லிய தகடு ஒன்றை ஈயத்தைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டி, மொத்தத்தை அளந்து, தகட்டின் தடிப்பை இருமடங்காக்கிக் கழிக்க வேண்டும். வந்தது 7.97. அவன் பயன்படுத்தியவை 7.90 குண்டுகள், அதுவும் பின்பக்கம் படகுபோல் ஒடுங்கியவை. தேய்ந்த குழலில் தட்டையான அடியுள்ள குண்டுதான் வெடியின் அழுத்தத்தில் சற்று விரிந்து குழலை அடைக்கும். கடையில் கிடைத்த தட்டையடிக் குண்டுகளில் பருமனானது 7.92. அதற்கு மாறினான். குண்டை மாற்றும்போது மருந்தளவையும் புத்தகத்தில் மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவனுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

மாறிய மறுநாளே உற்சாகமாகப் போன் செய்தான். மூன்று குண்டுகள் மூன்று சென்டிமீட்டருக்குள் விழுந்துவிட்டனவாம்! "இன்னும் ஏழு சுட்டுவிட்டுப் பேசு" என்றேன். மூன்று வெடி யாரையும் ஏமாற்றும். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா என்றாலும் பத்து குண்டுகளின் அகலம் சராசரியாக மூன்று குண்டுகளின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். அதிர்ஷ்டவசமாக நெருங்கி விழுந்த மூன்றைப் படம் எடுத்துப் பர்சில் வைத்துக்கொண்டு திரிபவர்களை நான் என் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்தும் சுட்டபோது 7 செ.மீ. வந்தது. அடுத்த வாரமும் பத்து, அதுவும் ஏறத்தாழ அவ்வளவே. 1942இல் செய்த படைத் துப்பாக்கிக்கு அது மரியாதையான கணக்கு.

இங்கே திருவனந்தபுரத்தில் நம் பிள்ளைகள் சிலர் என்.சி.சி.யில் .22 துப்பாக்கி சுடுகிறார்கள். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்குப் பயன்பட்ட வட்டியூர்க்காவு சுடுதளத்தைப் பற்றி விசாரித்த பெற்றோரும் உண்டு. அந்தச் சின்னத் தோட்டாவை மறுபடி நிரப்ப முடியாது. போட்டிக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் தோட்டாவில் பல தயாரிப்புத் தொகுதிகளை வாங்கி, தங்கள் துப்பாக்கியில் எது நெருங்கி விழுகிறதோ, அந்தத் தொகுதியையே பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்போதும் பத்துப் பத்தாகச் சுட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய துப்பாக்கியைத் துடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பழைய படைத் தோட்டாக்களின் பிரைமர் எரிந்தபின் குழலில் ஒருவித உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் போட்டால் உப்பு போகாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அக்காலச் சிப்பாய்கள் சுட்ட கையோடு ஒரு புனல் வைத்துக் கொதிநீரைக் குழலில் ஊற்றினார்கள். நம்மூர் ஈரக் காற்றில் ஒரு இரவு விட்டாலே போதும், மறுநாள் துணி செம்மண் நிறத்தில் வரும். இப்போதைய பிரைமர்களில் பெரும்பாலும் அந்த உப்பு இல்லை.

மருமகன் இப்போது ஒவ்வொரு டப்பாவிலும் அந்தக் கூடுகள் எத்தனை தடவை நிரம்பின என்று எழுதி வைக்கிறான். கம்பி போட்டுப் பார்த்ததில் பதினொன்று குப்பைக்குப் போயின. அந்த எண்ணிக்கையை எனக்கு அனுப்பி, "கணக்கு சரியா மாமா?" என்று கேட்டிருந்தான். பழைய கோபம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

அடுத்து 600 கஜப் போட்டியில் சேரப் போகிறானாம். இந்த லீ-என்ஃபீல்டுக்கு நெடுந்தூரத்தில் ஒரு விசித்திரமான நற்பெயர் உண்டு. இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்துப் போட்டியாளர்கள் அதை நன்கு அறிவார்கள். வேகம் குறைந்த குண்டு குழலை விட்டுச் சற்றுத் தாமதமாகக் கிளம்பும். அதற்குள் துடிக்கும் குழலின் முனை கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். மெதுவான குண்டு உயரமாகக் கிளம்பி, வேகமான குண்டு விழும் இடத்துக்கே தொலைவில் வந்து சேரும். ஆனால் எல்லாத் தூரத்திலும் எல்லாத் துப்பாக்கியிலும் அப்படி நடக்காது. 600 கஜத்தில் மருந்தின் எடை தன் பங்கைக் கேட்கத் தொடங்கிவிடும். விலை கொடுத்து வாங்கிய தராசுக்கு அங்கேதான் வேலை என்று எழுதியிருக்கிறேன். போட்டி விஷயம் அக்காவுக்கு இன்னும் தெரியாது.